பத்திரமாக வைத்த கார்டு

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கையில் எது கிடைத்தாலும் லேமினேட் பண்ணிவிடுவார்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் யோசித்திருப்பேன். எங்களுடையது சின்ன ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன் மிஷின், முக்கி முனகி ஓடும் ஒரு கம்ப்யூட்டர், பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு நீலத் துணி. அவ்வளவுதான் எங்கள் ராஜ்ஜியம். ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு, லேமினேஷன் அவர் பொறுப்பு. வருகிறவர்களின் சான்றிதழையும் அடையாள அட்டையையும் போட்டுக் கொடுத்தால் போதும்தானே? இந்த மனுஷன் அதோடு நிறுத்த மாட்டார். எங்கள் கல்யாணப் பத்திரிகை, டாக்டர் சீட்டு, வாஷிங் மிஷின் வாரண்டி, பாப்பா முதன்முதலில் சுவரில் கிறுக்காமல் காகிதத்தில் கிறுக்கிய படம், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டன. பாப்பா ஒருநாள் ஒரு இலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் விடவில்லை.

"கொஞ்ச நேரம் அசையாம படுத்துடாதே, உன்னையும் போட்டுடுவாரு மாப்பிள்ளை" என்று என் அண்ணன் கிண்டலடிப்பார்.

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "போட்டு வெச்சா கெடாது மச்சான். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்பார். அவருக்கு ஒரு பொருள் முக்கியம் என்றால் அதை மூட வேண்டும், சூடு காட்ட வேண்டும், நாலு மூலையையும் வட்டமாக வெட்ட வேண்டும். வேறு மாதிரி பார்த்துக்கொள்ள அவருக்குத் தெரியாது.

இப்போது பாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வயது. பிறக்கும்போதே காது கேட்காது. மூன்று வயதில் ஆபரேஷன் பண்ணி, காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு பாகத்தை வைத்தார்கள். அது உள்ளே இருப்பது. வெளியே இன்னொரு கருவி. அதைக் காதுமேல் மாட்டிக்கொண்டால், அதிலிருந்து வரும் வட்டத் தட்டு காந்தத்தால் தலைமுடிக்குள் ஒட்டிக்கொள்ளும். வெளியே இருப்பது சத்தத்தை வாங்கி உள்ளே இருப்பதற்கு அனுப்பும். இரண்டும் இருந்தால்தான் கேட்கும். ஒன்று இல்லையென்றால் மற்றது தண்டம்.

கருவியை மாட்டிய முதல் நாள், நான் கை தட்டியதற்கு அவள் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் பார்த்துவிட்டு அழுதாள். நாங்களும் அழுதோம். அதற்கப்புறம் பேச ஆரம்பித்தவள்தான், வாயை மூடவே இல்லை. பேசக் கற்றுக்கொடுத்த டீச்சரே, "அம்மா, இவளை நிறுத்தறதுக்கு ஏதாவது கிளாஸ் இருக்கா?" என்று கேட்டார். வாயாடி என்று பெயர் வைத்தோம். கடைக்கு வருகிறவர்களிடம், "எத்தனை காப்பி? ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?" என்று அவளே கேட்பாள். அந்தக் கருவிக்கு அவள் வைத்த பெயர் காது. காலையில் எழுந்ததும் கண்ணைத் திறக்காமலேயே தலையணை பக்கம் தடவி, "அம்மா, என் காது எங்க?" என்பாள்.

அந்தக் காதுதான் பழுதானது. முதலில் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு கரகரவென்றது. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், "அம்மா, இது செத்துப்போச்சு" என்றாள். தன் சத்தம் தனக்கே கேட்காததால் கத்துகிறாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

சர்வீஸ் சென்டர்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மாடலை கம்பெனி நிறுத்திட்டாங்க மேடம். புது மாடல் உங்க பொண்ணுக்கு உள்ள வெச்சிருக்கறதோட சேராது."

"அப்ப உள்ள இருக்கறதை மாத்தணுமா?"

"அதை டாக்டர்கிட்டதான் கேக்கணும்."

டாக்டரிடம் கேட்டோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதைச் சுற்றி எலும்பு வளர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, எடுக்கப் போனால் நரம்பு கெட்டுவிடும், நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு யாரும் தொடாமல் இருப்பதுதான் நல்லது என்றும் சொன்னார். ஆக, பழைய மாடல் கிடைத்தால்தான் என் பெண்ணுக்குக் காது. இல்லையென்றால் இல்லை.

சர்வீஸ் சென்டர்காரர் நல்ல மனுஷர். நாலு நாள் கழித்து அவரே போன் பண்ணினார். கம்பெனியின் கிடங்கில் அந்த மாடல் கொஞ்சம் மீதி இருக்கிறதாம். கடைசி இருப்பு. அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வெப்சைட்டில் விற்பனைக்கு விடப் போகிறார்களாம். வேறு எங்கேயும் கிடைக்காது. ஆளுக்கு ஒன்றுதான். வாங்கி வைத்து அதிக விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், ஆபரேஷன் சமயத்தில் கம்பெனியில் செய்த பிள்ளையின் பதிவில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவர் பெயரில் உள்ள கார்டிலிருந்துதான் பணம் வாங்குவார்களாம். ஆபரேஷன் அன்றைக்கு என் வீட்டுக்காரர் தன் கை நடுங்குகிறது என்று என்னைக் கையெழுத்துப் போட வைத்தார். அதனால் பதிவில் இருப்பது என் பெயர்.

பணம் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. இப்படி ஒரு நாள் வரும் என்று முதல் நாளிலிருந்தே சேர்த்து வைத்திருந்தோம். கார்டுதான் இல்லை. நான் வங்கிக்குப் போய் ஒரு ஸ்மார்ட் கார்டுக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் தபாலில் வந்தது. கூடவே தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரீடர். அதைக் கம்ப்யூட்டரில் மாட்டி, கார்டை அதற்குள் செருகி, ரகசிய எண்ணை அடித்தால்தான் இன்டர்நெட்டில் பணம் போகும்.

"கார்டுல தங்கக் கலர்ல ஒரு சதுரம் இருக்கு பாருங்க, அதுதான் சிப்பு" என்றார் வங்கி அதிகாரி அம்மா. "கார்டு உங்க கையில இருக்கணும், நம்பர் உங்க மண்டையில இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை செய்யும். ஒருத்தனாலும் திருட முடியாது."

ஒருத்தனாலும் திருட முடியாது என்பது நிஜம்தான். எங்களாலும் எடுக்க முடியாதபடி அவ்வளவு பாதுகாப்பு.

சோதனைக்கு ஒரு பாக்கெட் பேட்டரி வாங்கிப் பார்த்தேன். கார்டைச் செருகியதும் ரீடரில் பச்சை விளக்கு எரிந்தது. எண்ணை அடித்தேன். முடிந்தது. அவ்வளவு சுலபம். என் மனசில் இருந்த பாரமே இறங்கிவிட்டது. கார்டை அவர் கையில் கொடுத்து, "பீரோவுல பத்திரமா வைங்க. இது போச்சுன்னா நம்ம பொண்ணு காது போச்சு" என்றேன்.

"நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்றார்.

நான் கவலைப்படவில்லை. அதுதான் தப்பு.

அந்தப் புதன்கிழமை வந்தது. பாப்பா பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, தலையில் தட்டு ஒட்டும் இடத்தில் முடியை ஒதுக்கிக் கிளிப் போட்டு, கடையில் தன் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். வாங்கினாலும் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று உதட்டை அசைத்து அசைத்துச் சொன்னேன். "தெரியும்" என்று கத்தினாள். தெரிந்தாலும் கிளிப்பை எடுக்கவில்லை.

கடைக் கதவைப் பாதிதான் திறந்து வைத்தோம். பத்து அடித்ததும் பக்கம் திறந்தது. கருவியின் படம். கீழே 'இருப்பு உள்ளது' என்று எழுதியிருந்தது. நான் கூடையில் சேர்த்தேன். பதினைந்து நிமிடத்துக்கு இது உங்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதற்குள் பணம் செலுத்தவும் என்று வந்தது.

"ஏங்க, கார்டைக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

பளபளவென்று இருந்தது. சுற்றிலும் விரல் அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி ஓரம். நாலு மூலையும் வட்டம்.

எனக்கு முதலில் புரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவரோ, "இருக்கறதுலேயே கனமான ஷீட்டு. மினிஸ்டர் கேட்டாக்கூட இதைப் போட மாட்டேன்" என்றார்.

"அட பாவி மனுஷா!" என்று கத்தினேன். "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!"

"ஏன்? என்ன ஆச்சு? நீதானே பத்திரமா..."

"இதை எப்படிங்க அதுக்குள்ள சொருகறது?"

அவர் ரீடரைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். மறுபடி ரீடரைப் பார்த்தார். அன்றைக்குப் பேட்டரி வாங்கும்போது இவர் முன்பக்கம் யாருக்கோ போட்டோ வெட்டிக்கொண்டிருந்தார். கார்டைச் செருகி நான் வாங்கியதை இவர் பார்த்ததே இல்லை. அடையாள அட்டை மாதிரி காட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறார். திருதிருவென்று விழித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன்.

"ஓரத்தை வெட்டிடறேன், இரு, இரு" என்று கத்தரியை எடுத்தார்.

வெட்டினார். கார்டு உள்ளே போனது. சிவப்பு விளக்கு. 'கார்டைச் செருகவும்.' எடுத்துத் துடைத்துச் செருகினேன். சிவப்பு. சிப்பின் மேல் பிளாஸ்டிக் மூடியிருக்கும்போது அது எப்படித் தொடும்? திருப்பிச் செருகினேன். அழுத்திப் பிடித்தேன். சிவப்பு.

"சூடு காட்டினா ஷீட்டு பிரியும். எத்தனை தடவை பிரிச்சிருக்கேன். குடு" என்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கொடுத்தேன். மிஷினின் வாயில் மெதுவாகக் காட்டி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தார். ஷீட் அழகாக உரிந்து வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு அந்தத் தங்கச் சதுரமும் வந்தது. கார்டில் ஒரு குழிதான் மிச்சம்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பாப்பா முக்காலியிலிருந்து எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"வாங்கியாச்சா?" என்றாள்.

பக்கத்துச் செல்போன் ரிப்பேர் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒற்றைக் கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, இடுக்கியால் சிப்பைப் பிரித்து, குழியில் வைத்து அழுத்திப் பார்த்தார். ரீடரில் செருகினார். சிவப்பு. இன்னொரு முறை ஒட்டிப் பார்த்தார்.

"சூட்டுல உள்ளேயே போயிடுச்சுக்கா. இனிமே இது வெறும் தகடு" என்றார்.

"ஏதாவது பண்ணு தம்பி. என் பொண்ணு காதுப்பா அது."

"முடிஞ்சா பண்ண மாட்டேனாக்கா?" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. தன் கார்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை எப்படி உபயோகிப்பது? பெயர் வேறு. ஆனாலும் செருகிப் பார்த்தேன். 'பதிவில் உள்ள பெயருடன் பொருந்தவில்லை.' அண்ணனுக்குப் போன் பண்ணினால் அவரும் தன் கார்டோடு ஓடி வரத் தயாராக இருந்தார். உலகத்தில் எல்லோரிடமும் கார்டு இருந்தது.

அதற்குள் கூடையின் நேரம் முடிந்து, கருவி கூடையிலிருந்து போய்விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடி தேடிச் சேர்த்தேன். நல்லவேளை, சேர்ந்தது. ஆனால் இப்போது 'இருப்பு உள்ளது' இல்லை. 'குறைந்த இருப்பே உள்ளது' என்று சிவப்பில் வந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டுப் பாடியது. ரொம்ப நேரம் பாடியது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"புரியுது மேடம். ஆனா கார்டு உங்க பேர்ல இருக்கணும்."

"என் பேர்லதான்மா இருக்கு. வேலை செய்யல."

"அப்ப வேற கார்டு ட்ரை பண்ணுங்க."

"என் பேர்ல வேற கார்டு இல்லம்மா!"

"உங்க பேர்ல கார்டு இருந்தாத்தான் மேடம் முடியும்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "ஒண்ணே ஒண்ணை எடுத்து ஓரமா வைங்க, நானே நேர்ல வந்து பணத்தைக் கட்டறேன்" என்று கெஞ்சினேன். சிஸ்டத்தில் அப்படி வசதி இல்லை என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேறு என்ன உதவி வேண்டும் எனக்கு?

"நீ பேங்குக்குப் போ" என்றார் அவர். "நான் இதைப் பிடிச்சு வெச்சிருக்கேன். கூடையை விட்டுப் போகப் போக மறுபடி போட்டுக்கிட்டே இருக்கேன். எப்படிப் போடறதுன்னு மட்டும் காட்டு."

கம்ப்யூட்டரைத் தொடாத மனுஷன். மவுஸை நிஜ எலி மாதிரியே பிடித்தார், ஓடிப் போய்விடும் என்பதுபோல. எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன். ஒரு விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஓடினேன். செருப்பு வார் அறுந்தது. இன்னொன்றையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். வங்கியில் டோக்கன் எடுக்கச் சொன்னார் காவலாளி. "டோக்கனும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு" என்று உள்ளே போய் அதே அதிகாரியின் மேசைமேல் கார்டையும் சிப்பையும் வைத்தேன்.

அந்த அம்மா கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னங்க ஆச்சு இதுக்கு?"

"லேமினேட் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? கெடாமல் இருக்கட்டும் என்றுதான். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. திட்டிக்கொண்டே வந்தவள், அங்கே அத்தனை பேர் முன்னால் குழந்தை மாதிரி அழுதேன்.

அந்த அதிகாரி கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தண்ணீர் கொடுத்தார். மேனேஜரிடம் போய்ப் பேசினார். தலைமை அலுவலகத்துக்குப் போன் பண்ணினார். எனக்கு முன்னால் வந்த நாலு பேர் காத்திருந்தார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

"கார்டு இங்க தயாராகறதில்லைங்க. தலைமை அலுவலகத்துலேருந்து தபால்லதான் வரும். அவசரம்னு போட்டாலும் எட்டு, பத்து நாள்."

"என் பணம் உங்ககிட்டதானே இருக்கு? அதைக் கம்பெனிக்கு நீங்களே அனுப்பிடுங்களேன்."

"அனுப்பலாம். ஆனா அவங்க வாங்கிக்கணுமே. கார்டு மட்டும்தான்னு போட்டிருக்காங்களே."

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் கணக்கு. என் பெயர். என் பணம். இத்தனை வருஷம் சேர்த்தது முழுசாக அங்கேதான் இருந்தது. ஒரு காசு குறையவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எடுக்க முடியாத பணத்தை எதற்குக் காட்டுகிறார்கள்?

அப்போது போன் அடித்தது. என் வீட்டுக்காரர்தான். "இன்னும் இருக்கு. நான் விடல. அங்க என்ன சொல்றாங்க?" என்றார்.

"பாத்துட்டிருக்காங்க" என்றேன். பொய்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

வெறுங்காலோடு திரும்பி நடந்தேன். ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்? கடை வாசலில் ஒரு ஆள் ஏதோ சான்றிதழோடு நின்றுகொண்டிருந்தார்.

"லேமினேஷன் பண்ணணும், எவ்வளவு கூப்பிட்டும் உள்ள இருக்கறவர் திரும்பவே மாட்டேங்கறார்" என்றார் என்னிடம்.

"இங்க லேமினேஷன் கிடையாது, போங்க" என்றேன். தலைக்கு மேலே இருந்த போர்டைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளே அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. டக், டக், டக். திரையில் 'இருப்பு முடிந்தது, ஆதரவுக்கு நன்றி' என்று வந்திருந்தது. அது வந்து எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"ஏங்க" என்றேன்.

"மறுபடி வரும். முன்னாடியும் இப்படித்தான் போச்சு, அப்புறம் வந்துச்சு."

"இது வராதுங்க."

"நீ சும்மா இரு. வரும்."

கையைப் பிடித்து எடுத்தேன். விரல் அப்போதும் காற்றில் அழுத்தியது. பிறகு என்னைப் பார்த்தார். "என்னை நாலு அறை அறைஞ்சுடு" என்றார். வழியெல்லாம் அவரைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வேண்டுமென்றா செய்தார்? உயிராக நினைத்ததை அவருக்குத் தெரிந்த மாதிரி பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

பாப்பா முக்காலியிலிருந்து இறங்கி வந்தாள். திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எட்டு வயது, நன்றாகவே படிப்பாள். தலையிலிருந்து கிளிப்பைக் கழற்றினாள்.

புதுக் கார்டு ஒன்பதாவது நாள் வந்தது. ரீடரில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தையே வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். சர்வீஸ் சென்டர்காரர் பல இடங்களில் விசாரித்தார். யாராவது பழையதைத் திருப்பிக் கொடுத்தால் சொல்கிறேன் என்றார். தேவைப்படுகிறவர்கள் வாங்கியதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? ஆனாலும் வாரா வாரம் போன் பண்ணுகிறேன். இப்போதெல்லாம் நான் ஹலோ சொன்னதுமே, "இல்ல மேடம்" என்கிறார்.

பாப்பா பேச்சை நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகம் பேசுகிறாள். பேசாவிட்டால் மறந்துவிடும் என்று டீச்சர் எழுதிக் காட்டியிருக்கிறார். அதனால் கண்ணாடி முன்னால் நின்று, தொண்டையில் கை வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்க்கிறாள். தெருவில் போனால் ஒவ்வொரு போர்டையும் சத்தமாகப் படிக்கிறாள். தொண்டை கட்டும் வரைக்கும் பேசுகிறாள். ஆனால் கேட்காத வாய் எத்தனை நாளைக்குச் சரியாகச் சொல்லும்? சில மாதங்களில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குழைய ஆரம்பித்தன. முதலில் வெளியாட்களுக்குப் புரியவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் அவள் கேட்பதற்கு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் எடுத்துச் சொல்கிறேன். எனக்குப் புரிந்துகொண்டுதான் இருந்தது. பெற்றவளுக்குப் புரியாமல் போகுமா?

நேற்றுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பெரிய கதை. கையை ஆட்டி, கண்ணை உருட்டி, நடுவில் தானே சிரித்துக்கொண்டு. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையாவது பிடிபட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஊகித்துவிடலாம் என்று பார்த்தேன். எதுவும் பிடிபடவில்லை. ஒரு வார்த்தை கூட.

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள். புரிந்ததா என்று கேட்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

பின்னால் நின்ற அவர் மெதுவாக, "என்னவாம்? என்ன சொல்றா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"தெரியலங்க" என்றேன், உதட்டை அதிகம் அசைக்காமல்.

பாப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், புரிந்தது என்று. அவரும் ஆட்டினார்.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.